நடுப்படி

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் பரண் ஏறினால் தகர டிரங்குப் பெட்டி ஒன்று கண்ணில் படுவது அதிசயமில்லை. மூடியில் வெள்ளை பெயிண்டில் ஆள் பெயர், அதன் கீழே கிள்ளான், தைப்பிங், ஜொகூர் என்று ஏதாவது ஓர் ஊர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறையின் பெட்டிகள் அவை. 1926-இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வழியில் ஓடிற்று. நம் பக்கத்து ஆட்களுக்கு அது டவுன் பஸ் மாதிரி.

அப்படி ஒரு பெட்டியை அண்மையில் எனக்காக இறக்கிக் காட்டினார் ஒரு பெரியவர். உள்ளே நாலைந்து கைலி, பித்தளை வெற்றிலைச் செல்லம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு மலேசியாவில் கொடுத்த சிவப்பு அடையாள அட்டை, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த ஒரு காகிதம். ஜொகூர் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததற்கான சான்று அது. 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டுக் கெடுபிடியில் ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். “ஆறாவதோட சரி தம்பி. அதுக்கு மேல அங்க தமிழ் ஏது? மறு வாரமே அப்பாவோட பால்மரம் வெட்டப் போயிட்டேன். சீனப் பசங்க மட்டும் சைக்கிள்ள டவுனுக்குப் போயிட்டு வருவானுங்க. அவங்க பாஷையிலேயே அவங்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம் இருந்துச்சு.”

ஜொகூர் பாருவில் அந்தப் பெரிய பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. பெயர் பூன் யூ. 1913-இல் தொடங்கியது. இப்போது மூன்று வளாகங்கள், 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். மலேசியாவின் சுமார் 60 சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளில் ஆகப் பெரியது அதுதான். அரசாங்கம் நடத்தும் பள்ளியும் இல்லை, லாபத்துக்கு நடத்தும் பள்ளியும் இல்லை. ஒரு சமூகம் தன் கைக்காசைப் போட்டு, அரசு உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் மொழியில் நடத்தும் பள்ளி. சீனர்களுக்கு மொழிப்பற்று அதிகம் என்று இதற்கு ஒரு வரியில் விளக்கம் சொல்வார்கள். மொழிப்பற்றில் நம்மவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்பதால் அந்த விளக்கம் எனக்குச் செல்லுபடியாகவில்லை.

ஜொகூரின் கதை ஆற்றங்கரையில் தொடங்குகிறது. காவிரிப் படுகைக்காரர்களுக்கு எளிதாகப் பிடிபடும். 1840களில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம், சிங்கப்பூரிலிருந்து சீனத் தோட்டக்காரர்களை வரவழைத்தார். ஓர் ஆற்றுக்கு ஒரு தலைவன். அவனுக்கு ‘சூராட் சுங்கை’ என்று ஓர் ஆற்றுச் சீட்டு. அந்த ஆற்றின் இரு கரையிலும் காட்டை வெட்டி மிளகும் கம்பீரும் போடலாம், வரி வசூலித்துக் கொடுக்க வேண்டும். கம்பீர் என்பது நம்மூர் வெற்றிலையோடு சேரும் காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புச் சரக்கு. வெளிநாட்டுத் தோல் ஆலைகளுக்கு அது மூட்டை மூட்டையாகப் போயிற்று. ஆற்றுத் தலைவர்களைச் சீனர்கள் ‘காங்சு’ என்றார்கள். 1917-இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

சீனர்கள் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தியோச்சூ, ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா, ஹைனான் என்று ஐந்து பேச்சுக்காரர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பேராக்கின் ஈயச் சுரங்கங்களிலும் இவர்கள் தனித்தனி ரகசியச் சங்கம் வைத்துக்கொண்டு வெட்டிக்கொண்டு செத்தார்கள். ஜொகூரில் ஆட்சியாளர் ஒரே ஒரு சங்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். அதன் பெயர் ஙீ ஹெங். சண்டை போடுவதானாலும் ஒரே கூரைக்குள் போட்டுக்கொள்ள வேண்டிய நிலை. ஜொகூர் பாருவின் நடுவில் இன்றும் நிற்கும் பழைய சீனக் கோயில் அந்த நிலையின் அடையாளம். உள்ளே ஐந்து தெய்வங்கள், ஐந்து பேச்சுக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று. சீனப் புத்தாண்டு மாதத்தில் ஐந்து தெய்வங்களும் ஒன்றாக வீதியுலா வருகின்றன. நம்மூர்த் தேர்த் திருவிழாவில் முதல் மரியாதைக்கு வரும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

கோயிலைப் போலவே பள்ளியும் ஐவருக்கும் பொதுவாக அமைந்தது. 1912-இல் சீனாவில் அரசகுலம் ஒழிந்து குடியரசு வந்தது. பழைய பாணித் திண்ணைப் பள்ளிகள் போதாது, கணக்கும் புவியியலும் சொல்லித்தரும் புதுப் பள்ளி வேண்டும் என்ற வேகம் கடல் கடந்து வந்தது. மறு ஆண்டே பூன் யூ. அந்தப் பெயரின் இரண்டு எழுத்துகளும் கன்பூசியப் பழநூல் ஒன்றிலிருந்து எடுத்தவை. விரிந்த மனம், மென்மை என்று பொருள். இரண்டாவது எழுத்து ஜொகூர் என்ற ஊர்ப்பெயரைச் சீனத்தில் எழுதும்போது வரும் முதல் எழுத்தும்கூட. ஊரையும் நூலையும் ஒரே பெயரில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஙீ ஹெங் சங்கம் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டபோது அதன் மிச்சச் சொத்து இந்தப் பள்ளிக்கு வந்தது என்பது ஊர் வரலாறு. கத்தி தூக்கிய சங்கத்தின் பணம் கரும்பலகை வாங்கப் போயிற்று.

இங்கே கொஞ்சம் நின்று நம் பக்கத்தையும் பார்க்கலாம். வெளிநாட்டுச் சமூகம் ஒன்று வந்த இடத்தில் தன் நிறுவனத்தைக் கட்டி அதற்கு நிலையான வருமானம் ஏற்படுத்துவது காவிரிப் படுகைக்குப் புதிதல்ல. முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியபோது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் எழுதி வைக்கப்பட்டது. லெய்டன் செப்பேடுகள் என்று படிக்கிறோமே, அந்த ஆவணம் இதுதான். சீனர்களும் அங்கே கட்டியிருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இந்தக் கரையில் செங்கல் கோபுரம் ஒன்றில் சீன எழுத்தில் 1267-ஐக் குறிக்கும் ஆண்டு பொறித்திருந்ததாக எழுதினார். நாகப்பட்டினத்தில் ‘புதுவெளிக் கோபுரம்’ என்று சொல்லப்பட்ட இடிந்த செங்கல் கோபுரத்தை ஆய்வாளர்கள் இதனோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு. அது 1867-இல் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் ஏசு சபைப் பாதிரியார்கள். அவர்கள் கல்லூரி நடத்திவந்த வளாகம் அது. ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றைத் தேடிப் போனால் இப்படியும் ஒன்று குறுக்கே வருகிறது.

நிலத்தை எழுதி வைத்தார்கள், அதனால் நிறுவனம் நின்றது. பூன் யூவும் அப்படித்தான். டவுனுக்குள் சொந்த இடம், ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு, கொடையாளர் பெயர்கள் சுவரில். சீனத் தனியார் பள்ளிகளில் கட்டடத்துக்கு ஒருவர் பெயர், மண்டபத்துக்கு ஒருவர் பெயர், வகுப்பறைக் கதவுக்கு மேல் ஒருவர் பெயர் என்று இருக்கும். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு ‘உபயம்’ எழுதும் நம் ஆட்களைக் கேலி செய்து வந்திருக்கிறேன். இதைப் படித்த பிறகு கேலியைக் குறைத்துக்கொண்டேன். பெயர் எழுதுவதில் தவறில்லை. எந்த விளக்கில் எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பள்ளி மூடிக் கிடந்தது. போர் முடிந்து திறந்தபோது பிள்ளைகள் குவிந்தார்கள். 1951-இல் பூன் யூவில் இடைநிலை வகுப்புகள் தொடங்கின. தமிழ்நாட்டில் உயர்நிலை என்று சொல்வதை மலேசியத் தமிழர் இடைநிலை என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்தச் சொல்தான் பொருத்தம்.

அதே 1951-இல் மலாயாவின் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு அறிக்கைகள் வந்தன. பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் மட்டும் போதும், சீனப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் தேசியப் பள்ளிக்குள் கரைய வேண்டும் என்றது. ஃபென்–வூ அறிக்கை சீனப் பள்ளிகளுக்காக வாதாடியது. சீன ஆசிரியர் சங்கங்கள் பதறிப்போய் அந்த ஆண்டே ஒரு கூட்டமைப்பு கட்டின. 1954-இல் பள்ளி வாரியங்களும் தனியாக ஒரு கூட்டமைப்பு கட்டின. டோங் சோங் என்று மலேசியப் பத்திரிகைகளில் அடிபடும் பெயர் இதுதான். ஆசிரியர் ஒரு பக்கம், நிர்வாகி ஒரு பக்கம், இரண்டு பேரும் ஒரே மேசையில். பள்ளிக்கூடம் என்றால் இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறோம்.

விடுதலைக்கு முந்தைய ஆண்டு, 1956-இல், ரசாக் அறிக்கை வந்தது. தொடக்கப் பள்ளியில் நான்கு மொழிக்கும் இடம் கொடுத்தது. தமிழும் அதில் ஒன்று. மலேசியாவில் இன்றுவரை தமிழ்ப் பள்ளி நிற்பதற்கு அந்த ஏற்பாடே அடிப்படை. 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை அடுத்த படியில் கை வைத்தது. இடைநிலைப் பொதுத் தேர்வுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். 1961 கல்விச் சட்டம் அதைச் சட்டமாக்கிற்று. சீன இடைநிலைப்பள்ளிகளுக்கு இரண்டே வழி. பயிற்று மொழியை மாற்றிக்கொண்டால் ஆசிரியர் சம்பளம், கட்டடம், எல்லாம் அரசு பொறுப்பு. மாற்ற மாட்டோம் என்றால் 1962 முதல் காலணா கிடையாது.

பெரும்பாலான பள்ளிகள் மாறின. பினாங்கின் புகழ்பெற்ற சுங் லிங் பள்ளி 1956-இலேயே அரசு உதவியை ஏற்று, மாணவர் போராட்டத்தைச் சந்தித்தது. மாறியவர்களைத் துரோகி என்று சொல்வது எளிது. மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டிய நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு எளிதாக வாய் வராது. தீபகற்ப மலேசியாவில் 16 பள்ளிகள் மட்டும் மறுத்து நின்றன என்று கணக்கு சொல்கிறார்கள். பூன் யூ அவற்றில் ஒன்று.

ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் லிம் லியன் கியோக். கோலாலம்பூர் கன்பூசியப் பள்ளியின் சீன ஆசிரியர். சட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக 1961-இல் அவருடைய ஆசிரியர் பதிவு ரத்தானது. குடியுரிமையைப் பறிக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. வழக்காடித் தோற்று, நாடற்றவராக அதே நாட்டில் வாழ்ந்து 1985 டிசம்பரில் மறைந்தார். சீனப் பள்ளிகள் இன்று அவரைக் கிட்டத்தட்டக் குலதெய்வமாக வைத்திருக்கின்றன.

மறுத்து நின்றதோடு கதை வெற்றியில் முடிந்துவிடவில்லை. 1960கள் இந்தப் பள்ளிகளுக்கு மோசமான காலம். அரசுப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளும் வயது கடந்த பிள்ளைகளும் வந்து சேரும் இடமாகப் பல பள்ளிகள் சுருங்கின. காரணம் எளியது. பன்னிரண்டு வருஷம் சீனத்தில் படித்துவிட்டு எங்கே போவது? சான்றிதழை யார் மதிப்பார்கள்? மகனைச் சேர்க்க வரும் தகப்பன் கேட்கும் கேள்வி அதுதான். எந்த ஊரிலும், எந்த மொழியிலும்.

1973-இல் பேராக் மாநிலத்தில் மீட்பு இயக்கம் ஒன்று கிளம்பியது. அங்கே ஒன்பது தனியார் பள்ளிகள் மூடும் நிலைக்கு வந்திருந்தன. பத்து லட்சம் வெள்ளி திரட்டுவது இலக்கு. வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட். அங்குள்ள தமிழர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். தெருவோர நூடுல்ஸ் கடைக்காரர்கள் ஒரு நாள் விற்பனையை அப்படியே உண்டியலில் போட்டார்கள். சங்கங்கள் விருந்து வைத்து மேசைக்கு இவ்வளவு என்று வசூலித்தன. நம்மூர் மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. பேராக்கில் பிடித்த தீ மற்ற மாநிலங்களுக்கும் பரவிற்று.

ஆனால் பணம் திரட்டியதை நான் பெரிய செயலாகக் கருதவில்லை. அதற்கு அடுத்து செய்ததுதான் பெரியது. 1975-இல் எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தேர்வை நடத்தினார்கள். யூஇசி என்று பெயர். கேள்வித்தாள் தயாரிப்பு, திருத்தம், சான்றிதழ், பாடநூல், பாடத்திட்டம் எல்லாம் டோங் சோங் பொறுப்பு. ஒரு நாட்டுக்குள் அரசாங்கம் அல்லாத ஒரு சங்கம் ஒரு முழுப் பொதுத் தேர்வு வாரியத்தையே நடத்துகிறது. தேர்வை நிறுத்தச் சொல்லி அப்போதைய கல்வி அமைச்சரிடமிருந்து நெருக்கடி வந்ததாக அந்தச் சங்கத்தின் வரலாறு சொல்கிறது. அந்த அமைச்சர் மகாதீர் முகமது. தேர்வு நடந்தது.

அரசு மதிக்காத சான்றிதழை வைத்து என்ன செய்வது? உள்ளூர்க் கதவு சாத்தியிருந்ததால் வெளிக் கதவைத் தட்டினார்கள். தைவான் பல்கலைக்கழகங்கள் கடல் கடந்த சீன மாணவர்களை 1950களிலிருந்தே சேர்த்துக்கொண்டிருந்தன. பின்னர் சிங்கப்பூரும், ஆங்கிலம் பேசும் நாடுகள் பலவற்றின் பல்கலைக்கழகங்களும் யூஇசியை ஏற்றன. தைவானில் படித்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து இதே பள்ளிகளில் ஆசிரியர் ஆனார்கள். பூன் யூ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1975-லேயே பள்ளிக்கு மேற்பட்ட வகுப்புகள் தொடங்கி, 1990-இல் அது தனிக் கல்லூரியாகி, இப்போது தென்னகப் பல்கலைக்கழகக் கல்லூரியாக நிற்கிறது. சமூகமே நடத்தும் லாபநோக்கற்ற கல்லூரி. கீழ்ப்படி, நடுப்படி, மேல்படி மூன்றும் ஒரே ஊரில்.

வகுப்பறையின் நடைமுறையையும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுப் படிப்பு, மூன்றும் மூன்றுமாகப் பிரித்தது. பாடம் மாண்டரின் சீனத்தில். மலாயும் ஆங்கிலமும் கட்டாயம். பல பள்ளிகளில் மாணவர்கள் அரசின் எஸ்பிஎம் தேர்வையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கொள்கைக்காக ஒரு தேர்வு, பிழைப்புக்காக ஒரு தேர்வு என்று இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் குறை தெரியவில்லை. இரண்டு போகம் விளைகிற நிலத்தில் ஒரு போகம் மட்டும் போடு என்று யார் சொல்வார்கள்?

இனி தமிழர் பக்கம். மலாயாவில் தமிழ்க் கல்வி சீனக் கல்விக்குப் பின்னால் வந்ததல்ல. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியபோதே அங்கே தமிழ் வகுப்பு இருந்தது. 200 ஆண்டு நிறைவை 2016-இல் கொண்டாடினார்கள். பிறகு ரப்பர் வந்தது, தோட்டம் வந்தது, கங்காணி வந்தார். 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் முளைத்தன. 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள்.

எண்ணிக்கை பெரியது, வேர் சிறியது. பள்ளி தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது, பல இடங்களில் ஆசிரியர் தோட்டக் கணக்கரான கிராணியின் கண்ணசைவுக்குக் கட்டுப்பட்டவர். 1960களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பள்ளியும் கூடவே போயிற்று. இன்று மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் 530-க்கும் கீழே. நிலம் அரசுக்குச் சொந்தமில்லாத பள்ளிகள் ‘பகுதி உதவி’ப் பள்ளிகள் என்ற கணக்கில் அரைகுறை உதவியோடு ஓடுகின்றன. பூன் யூவின் டவுன் நிலத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்மவர்களுக்குச் சேர்ந்து காசு போடத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தோட்டத் துண்டாடலுக்குப் பதிலாக வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, அதைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். பால்மரம் வெட்டுகிறவர்கள் கட்டினார்கள். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள்.

அதற்கும் முன்னால் மொழிக்கென்றே ஒரு வசூல் நடந்தது. நடத்தியவர் நம் ஊர்க்காரர். கோ. சாரங்கபாணி, 1903-இல் திருவாரூரில் பிறந்தவர். 1935-இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கியவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் அவர் எழுப்பிய குரல்தான் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி. ஆளுக்கு ஒரு வெள்ளி. 1956-இல் இந்தியவியல் துறை தொடங்கியது. 1961-இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமைக்கு வந்தார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. சென்னைக்கு அந்தப் பெருமை இரண்டு ஆண்டு கழித்துத்தான்.

இப்போது குளத்துப் படித்துறையை மனதில் வையுங்கள். கீழ்ப்படி 1816-இலிருந்து இருக்கிறது: ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளி. மேல்படி 1956-இலிருந்து இருக்கிறது: பல்கலைக்கழகத் துறை, உலக மாநாடு. நடுவில் ஆறு ஆண்டுகள் வெறும் காற்று. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போய், மலாய் போதாவிட்டால் ‘புகுமுக வகுப்பு’ என்று ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார்ந்து, பிறகு தமிழை ஒரு பாடமாக, அதுவும் ஆசிரியரும் நேரமும் கிடைத்தால், படிக்கலாம். தமிழ்வழி இடைநிலைப்பள்ளி என்று ஒன்று அந்த நாட்டில் உருவாகவே இல்லை. சாரங்கபாணியின் ஒரு வெள்ளியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த உண்டியல் பல்கலைக்கழகத்துக்கு ஏறியதில் பாதி வேகத்தோடு ஓர் இடைநிலைப்பள்ளிக்கு ஏறியிருந்தால் பரணில் கிடக்கும் அந்தச் சான்றிதழ் ஆறாவதோடு நின்றிருக்காது என்பதே என் தீர்ப்பு.

நடுப்படியை ஒரே ஒரு இடத்தில் தமிழர்கள் கட்டிப் பார்த்தார்கள். மலேசியாவில் அல்ல, சிங்கப்பூரில். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை வைத்தது. தென்காசிச் சீமையிலிருந்து போன, பெரிய பணக்காரர்கள் என்று சொல்ல முடியாத மக்கள். 1960-இல் அது உயர்நிலைப்பள்ளி ஆனது. சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப்பள்ளி. ஒரு சிற்றூர்ச் சங்கம் செய்த காரியத்தைப் பெரிய பெரிய மன்றங்கள் செய்யவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1982-இல் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் குறைந்துபோனார்கள். நடுப்படி இருந்தது, அதற்கு மேலே ஏற வழியில்லை. ஆங்கிலத்தில்தான் கல்லூரி, ஆங்கிலத்தில்தான் வேலை. சீனவழி நான்யாங் பல்கலைக்கழகமே 1980-இல் இணைப்பில் மறைந்த ஊர் அது. உமறுப் புலவர் பள்ளி மூடிய மறு ஆண்டு, 1983-இல், அதே பெயரில் ஒரு தமிழ் மொழி நிலையம் வந்தது. அது மொழிப்பாடம் சொல்லித்தரும் இடம். பள்ளி வேறு.

சீனத் தனியார் பள்ளிகளைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வரியும் கட்டி, பள்ளிக் கட்டணமும் கட்டும் குடும்பங்களின் சுமை சின்னதல்ல. சிற்றூர்களில் சில பள்ளிகள் பிள்ளைகள் இல்லாமல் மெலிந்துகொண்டிருக்கின்றன. தோல்விகளும் உண்டு. சீனவழிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக 1968-இல் தொடங்கிய மெர்டேக்கா பல்கலைக்கழக முயற்சி, அரசு மறுத்து, நீதிமன்றம் போய், 1982-இல் நாட்டின் உச்ச நீதிமன்றப் படியிலும் தோற்றது. 1987 அக்டோபரில் நடந்த பெருங்கைது நடவடிக்கையில் டோங் சோங் தலைவர்களும் உள்ளே போனார்கள். யூஇசியை அங்கீகரிப்போம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் எழுதியவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு குழு போட்டார்கள். குழு போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

திருத்துறைப்பூண்டியில் காலை எட்டு மணிக்கு நின்றால் மஞ்சள் வேன்கள் வரிசையாகப் போகின்றன. முள்ளியாற்றுப் பாலம் தாண்டி, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டும் அந்தத் தகப்பன்களிடம் தாய்மொழிக் கல்வியின் மேன்மையைப் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், வேன் நிற்காது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010 சட்டம், அண்ணா பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு வந்த தமிழ்வழிப் பொறியியல் வகுப்பு, இவைதான் அவர்களிடம் பேசக்கூடிய மொழி. முன்னது ஓரளவு பேசியது. பின்னதற்கு அடுத்த படியாகத் தமிழில் நேர்முகத் தேர்வு வைக்கும் கம்பெனி எதையும் யாரும் கட்டவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூன் யூவின் கதையை இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், சீனப் பள்ளிகள் நிறைவு விழாதோறும் நினைவு மலர் போட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் அச்சில் ஏற்றி வைத்ததுதான். மூடிப்போன நூற்றுக்கணக்கான தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. மிச்சம் இருப்பது நம் பக்கத்துப் பரண்களில் இருக்கிறது. உங்கள் வீட்டில் மலாயாப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு தரம் திறந்து பாருங்கள். பள்ளிச் சான்றிதழ், பாடப் புத்தகம், நிதி கொடுத்த ரசீது, வகுப்புப் புகைப்படம் எது இருந்தாலும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களையும் சேர்த்து எடுங்கள். மூலத்தைக் கொடுக்க மனமிருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ கேட்டுப் பாருங்கள். அந்தப் பெரியவரின் ஆறாம் வகுப்புச் சான்றை நான் படமெடுத்துவிட்டேன்.